ஒரே கால்வாய், ஒரே கலண்டர்: புத்தளம் கரையில் தோல்வியும் கற்றலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோல்வியிலிருந்து கற்றல் என்ற பொருளில் பேசும்படி அறக்கட்டளையார் கேட்டார்கள். உலகத்து வெற்றியாளர்களின் வாழ்க்கையிலிருந்து உதாரணங்களை எடுத்து அடுக்குவது எளிது. அதை நான் செய்யப்போவதில்லை. சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகப் புத்தளம் வரை பேருந்தில் போகிறவர்கள் சாளரத்தின் வழியே பார்க்கக்கூடிய ஒரு தோல்வி நம்மிடமே இருக்கிறது. வரம்பு சரிந்து, மதகு உடைந்து, உவர் பூத்துக் கிடக்கும் இறால் குளங்களைச் சொல்கிறேன். அவற்றுக்குப் பக்கத்திலேயே இன்றும் இறால் வளர்கிற குளங்கள் உண்டு. ஒன்று ஏன் கைவிடப்பட்டது, மற்றது எப்படித் தப்பியது என்பதே இன்றைய என் பேச்சு.

மேடை ஏறாதவர்கள்

தோல்வியே வெற்றியின் முதற்படி என்று யாராவது சொல்லாத பரிசளிப்பு விழா நம் ஊர்களில் கிடையாது. அதைச் சொல்பவர் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வென்றவர். விழுந்து எழுந்த கதையைச் சொல்ல அவர் மேடையில் இருக்கிறார். விழுந்தவர் எழாமலே போயிருந்தால் அவரை நாம் அழைப்பதில்லை. அழைத்தாலும் வர மாட்டார். இதனால் தோல்வியைப் பற்றி நம் காதில் விழுவதெல்லாம் வென்றவர்களின் கதைகளாகவே இருக்கின்றன.

முதற்படியில் தடுக்கியவர் இரண்டாம் படியில் கால்வைக்க ஏதாவது ஒரு முதல் வேண்டும். பணமோ, காணியோ, கைகொடுக்கும் உறவோ, மறுபடி கடன் தரும் வங்கியோ வேண்டும். அது உள்ளவருக்குத் தோல்வி ஒரு படி. இல்லாதவருக்கு அதுவே கடைசிப் படி.

தோல்வி தானாக எதையும் கற்பிப்பதில்லை. நடந்ததன் காரணத்தை ஒருவர் தேட வேண்டும். தேடிக் கண்டதைப் பலர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டது ஊருக்குள் ஒரு விதியாக நிற்க வேண்டும். இவை நடக்காதபோது ஒரே தோல்வி வெவ்வேறு ஆட்களின் பெயரில் திரும்பத் திரும்ப நடக்கும். நம் கரையில் அது நடந்தது. அதன் பிறகு வேறொன்றும் நடந்தது.

குளம் வெட்டிய காலம்

இலங்கையில் வணிக முறையிலான இறால் வளர்ப்பு 1970களின் இறுதியில் மட்டக்களப்புப் பக்கம் முளைவிட்டது. யுத்தம் கிழக்கைச் சூழ்ந்தபோது 1980களில் அது வடமேற்குக் கரைக்கு இடம் மாறியது. முதலில் பெரிய கம்பனிகள் வந்தன. அவற்றைப் பார்த்து நடுத்தர முதலாளிகள் இறங்கினர். பிறகு தென்னங்காணி வைத்திருந்தவர், கடையை விற்றவர், வெளிநாட்டில் உழைத்து வந்தவர், நகையை அடகு வைத்தவர் என்று சாதாரணக் குடும்பங்களும் இறங்கின. 1990களில் நாட்டின் வளர்ப்பு இறால் ஏறக்குறைய முழுவதும் புத்தளம் மாவட்டத்திலிருந்தே போயிற்று. வளர்த்தது பெரும்பாலும் கறுப்பு வரியுடைய புலி இறால். நான்கு மாதத்தில் ஒரு போகம், விலை டொலரில். ஜப்பானுக்கு ஏறிய பெட்டிகளின் கணக்கு நம் தேநீர்க் கடைகளில் பேசப்பட்ட காலம் அது.

கண்டற்காடும் உவர் நிலமும் குளங்களாயின. பண்ணைகளில் பெரும்பகுதி உரிய அனுமதி இல்லாமலே எழுந்தது. இவற்றுக்கெல்லாம் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சிலாபம் களப்பையும் முந்தல் களப்பையும் இணைத்துக்கொண்டு புத்தளம் களப்பு நோக்கிப் போகும் டச்சுக் கால்வாயிலிருந்து வந்தது. கழிவு நீர் எங்கே போயிற்று? அதே கால்வாய்க்கு. ஒரு பண்ணையின் வெளிமதகும் அடுத்த பண்ணையின் பம்பும் ஒரே தண்ணீரில் நின்றன. ஒடுக்கமான, ஆழமில்லாத, மெதுவாக ஓடுகிற கால்வாய் அது. கடலோடு நீர் மாறுவதும் குறைவு. மீந்த தீவனமும் இறாலின் கழிவும் சேர்ந்து சேர்ந்து அது கனத்துக்கொண்டே போயிற்று.

நிலத்துக்கு உறுதி இருந்தது. குளத்துக்கு உரிமையாளர் இருந்தார். தண்ணீருக்கு யாரும் இல்லை. பிறகு வந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

வெண்புள்ளி

1980களின் இறுதியிலேயே ஒரு வைரசு நோய் வந்து எச்சரித்துவிட்டுப் போனது. அது ஒரு கெட்ட வருடம் என்று கடந்துபோனார்கள். 1996இல் வந்தது வெண்புள்ளி நோய்.

இந்த நோய் 1992இல் தாய்வானிலும் அடுத்த ஆண்டு ஜப்பானிலும் அடையாளம் காணப்பட்டு, சில ஆண்டுகளில் ஆசியக் கரைகள் முழுவதும் பரவியது. 1999இல் பசிபிக்கைத் தாண்டி எக்குவடோரையும் வீழ்த்தியது. முதலில் இறால் தீவனம் எடுக்காது. பிறகு நீரின் மேலே வந்து வரம்போரம் ஒதுங்கும். ஓட்டின் உட்புறம் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுவதும் செத்துவிடக்கூடும். இதற்கு மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தாய் இறாலிலிருந்து குஞ்சுக்கு வரும். நண்டும் காட்டு இறாலும் காவும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீரோடு வரும்.

1996இல் மாவட்டத்தின் பெரும்பாலான பண்ணைகள் அடிபட்டன. தப்பியவர்களும் தேறியவர்களும் மறுபடி குஞ்சு விட்டனர். 1998இல் நோய் மறுபடி வந்தது. இரண்டு வருடத்துக்குள் அதே இடத்தில், அதே முறையில் இரண்டாவது வீழ்ச்சி. முதலாவதிலிருந்து யாருமே எதையும் கற்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். கற்றார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கற்றார்கள்.

தனித்தனியாகக் கற்ற பாடங்கள்

ஒருவர், குஞ்சு சரியில்லை என்று முடிவுசெய்து குஞ்சு பொரிப்பகத்தை மாற்றினார். இன்னொருவர் சுண்ணாம்பையும் மருந்தையும் கூட்டினார். வேறொருவர் இந்த இடமே ராசியில்லை என்று வடக்கே புத்தளம் களப்போரம் போய்ப் புதுக் குளம் வெட்டினார். நோயும் அவரைத் தொடர்ந்து போனது. கடன் முறுகியவர், விட்டதைப் பிடிக்க அடுத்த போகத்தில் வழமையைவிட நெருக்கமாகக் குஞ்சு விட்டார். இந்த முடிவுகளில் முட்டாள்தனம் ஒன்றுமில்லை. தன் குளத்தின் வரம்புக்குள் நின்று பார்க்கிறவருக்கு இவைதான் தெரியும்.

இவற்றைவிடக் கொடியது அவசர அறுவடை. நோயின் அறிகுறி தெரிந்தவுடனே மதகைத் திறந்து, நீரை வடித்து, இருக்கும் இறாலைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவது. குடும்பத்தைக் காப்பாற்ற நினைக்கும் எவரும் அதைத்தான் செய்வார். ஆனால் அந்த நீர் கால்வாயில் இறங்கிய மறுநாள் அடுத்த பண்ணையின் பம்பு அதை உறிஞ்சும். அவரும் மதகைத் திறப்பார். ஒவ்வொருவருடைய கணக்கும் தனித்தனியே சரி. கூட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் நட்டம்.

இந்த நட்டத்தின் செலவு எப்படிப் பங்கிடப்பட்டது? பெரிய கம்பனி நட்டத்தைக் கணக்கில் எழுதிவிட்டு வேறு தொழிலுக்குப் போகும். நகையை அடகு வைத்தவருக்கு அந்த வழி இல்லை. குளத்தை அப்படியே விட்டுவிட்டுக் கூலிக்குப் போனார். களப்பில் வலை போட்டு வாழ்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். இறால் குளத்தால் அவர்களுக்கு வந்தது ஒன்றுமில்லை. கண்டல் போனது, மீன் குஞ்சு வளரும் இடம் போனது, களப்புக்கு இறங்கும் பாதையில் வேலி வந்தது. தங்கள் பங்கு எதுவுமில்லாத ஒரு முயற்சியின் தோல்விக்கு அவர்களும் செலவு கட்டினார்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. தொழிலை விட்டுப் போனவர்கள், எந்த மாதத்தில், எந்த மழைக்குப் பிறகு, எத்தனையாவது நாளில் இறால் ஒதுங்கத் தொடங்கியது என்பதைக் கண்ணால் கண்டவர்கள். அந்த அறிவை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. அடுத்து வந்தவர் வெறுங்கையோடு தொடங்கினார்.

கலண்டர்

இந்தக் கதையின் திருப்பம் ஒரு புதுக் கருவியாலோ மருந்தாலோ வரவில்லை. அது ஒரு கூட்டத்தில் பிறந்தது. ஒரு கூட்டம் என்பதைவிடப் பல வருடக் கூட்டங்கள் என்பது பொருந்தும்.

1998ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, நக்டா என்று நாம் சொல்லும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான தேசிய அதிகார சபை அமைந்தது. ஊர்களில் சமித்தி எனப்படும் பண்ணையாளர் அமைப்புகள் இருந்தன. அவற்றின் மேல் தொழில்துறைச் சங்கங்கள், இவற்றை ஒன்றுசேர்க்கும் ஒரு தேசியக் கூட்டமைப்பு என்று படிகள் உருவாயின. இவர்கள் கூடி 2000களில் நிலைநிறுத்தியதுதான் போகக் கலண்டர். பண்ணைப் பகுதி முழுவதும், எந்த நீரை எடுக்கிறது என்பதை வைத்து வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரிக்கப்பட்டது. எந்த உபவலயம் எந்தக் காலத்தில் குஞ்சு விடலாம் என்று ஆண்டுதோறும் பேசித் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு பகுதி குளத்தைக் காயவிட்டிருக்கும்போது இன்னொரு பகுதி வளர்க்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கால்வாயில் கழிவை இறக்குவது நிற்கிறது. காய்ந்து வெடித்த குளத்தில் வைரசு தங்குவதும் கடினம். குஞ்சு விடுவதற்கு முன்னே பி.சி.ஆர். பரிசோதனை, நோய் கண்டால் மதகைத் திறக்காமல் சமித்திக்கு அறிவிப்பது, குளோரின் இட்ட பிறகே நீரை விடுவது ஆகியவையும் விதிகளாயின.

இவற்றில் எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. கடினமானது ஒன்றுதான்: என் குளம் தயாராக இருக்கிறது, கையில் காசும் இருக்கிறது, விலையும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் என் முறை வரும்வரை நான் காத்திருப்பேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்வது. அதற்கு, பக்கத்துக் குளத்தவரும் காத்திருப்பார் என்ற நம்பிக்கை வேண்டும். சட்டம் மட்டும் அந்த நம்பிக்கையைத் தராது. ஊரில் முகம் தெரிந்தவர்கள் கூடி நடத்தும் சமித்தி தரும். சமித்தி மட்டும் இருந்தாலும் போதாது. விதியை மீறுபவரை நிறுத்த அரச அதிகாரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தபோதுதான் கலண்டர் கடதாசியிலிருந்து குளத்துக்கு இறங்கியது. எரங்க கலப்பத்தி, ஃபிக்ரெட் பெர்க்கஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் நம் வடமேற்குக் கரையின் இந்தச் சமித்திகளைப் பொதுவளப் பராமரிப்பின் உதாரணமாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் கரையின் மீனவ ஊரான உடப்பைச் சேர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடிக் கரைவலை இழுக்கிற தொழிலில், ஒரே கரையில் பல வலைகள் இருந்தால் முறை வைத்துத்தான் வளைக்க வேண்டும் என்பது வலை உரிமையாளரான சம்மாட்டிமாருக்குத் தெரிந்ததே. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரம், 1990இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் நம் நாட்டின் தென்கரையிலுள்ள மாவெல்ல என்ற ஊரின் கரைவலையை எடுத்துப் பேசுகிறார். அதைத் தோல்வியின் உதாரணமாகவே எடுத்தார். அங்கே முறை வைத்து வளைக்கும் ஒழுங்கு நன்றாகவே இருந்தது. வலைகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் விதியும் ஏட்டில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்துவார் இல்லை. வலைகள் பெருகின, ஒவ்வொருவருக்கும் முறை வருவது அரிதாகிப் பங்கு தேய்ந்தது. முறை இருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பது மாவெல்ல நமக்குச் சொல்லும் செய்தி. இறால் கலண்டருக்கும் அது அப்படியே பொருந்தும். காலத்தைப் பங்கிட்டுவிட்டு, குளங்களின் எண்ணிக்கையைக் கால்வாய் தாங்குகிற அளவுக்கு மேலே விட்டால் பழைய கதைதான்.

பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியாவில், இதே தொழில் எழுப்பிய சிக்கல்களுக்கு வேறு வழியில் விடை தேடினார்கள். சோழமண்டலக் கரையில் இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் கரையோர ஒழுங்கு வலயத்துக்குள் அமைந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005இல் வந்த கரையோர நீருயிர் வளர்ப்பு அதிகாரசபைச் சட்டம் அந்தத் தொழிலுக்கு மறுபடி வழி திறந்தது. 2007இலிருந்து சிறு பண்ணையாளர்களைக் குழுக்களாக்கும் முயற்சி அங்கே ஒரு தேசிய நிறுவனமாகவே நடக்கிறது. வழக்கில் தொடங்கிய கதையும் கடைசியில் குழுவுக்கே வந்து சேர்ந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கலண்டர் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வெண்புள்ளி நம் கரையிலிருந்து ஒழியவில்லை. 2010களின் இறுதியில் வெள்ளைக்கால் இறாலான வனமி நம் நாட்டுக்கு வந்தது. நோயற்ற தாய் இறாலிலிருந்து பெற்ற குஞ்சு என்பது அதன் பலம். ஆனால் வெண்புள்ளி அதையும் கொல்லும். 1999இல் எக்குவடோரில் செத்தது பெரும்பாலும் அதுதான். இனம் மாறினாலும் கால்வாய் மாறவில்லை. குஞ்சு புதிது, இனிக் கலண்டர் எதற்கு என்று ஒருவர் கேட்கத் தொடங்கும் நாளில் 1996ஐ நாம் மறந்துவிட்டோம் என்று பொருள்.

நட்ட கண்டலும் பிழைத்த கண்டலும்

இரண்டாவது தோல்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். இது நல்லெண்ணத்தின் தோல்வி.

2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் அலையைத் தடுக்கும் என்ற பேச்சு எழுந்தது. நாடெங்கும் கண்டல் நட்டார்கள். பாடசாலைப் பிள்ளைகள் சேற்றில் இறங்கினார்கள், படம் எடுத்தார்கள், பதாகை கட்டினார்கள். எத்தனை கன்று நட்டோம் என்பதே அறிக்கைகளின் தலைப்பாயிற்று. றுகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனந்த கொடிகாரவும் உடனாய்வாளர்களும் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 23 இடங்களில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டெயரில் நட்டதில், தேறியது 200 முதல் 220 ஹெக்டெயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று.

காரணங்கள் எளியவை. கண்டல் எங்கே முளைக்குமோ அங்கே நடாமல், காலியாகக் கிடந்த இடத்தில் நட்டார்கள். எப்போதும் நீர் நிற்கும் தாழ்ந்த சேற்றில் கன்று மூச்சடைத்துச் செத்தது. நடுவதற்கு இலகுவான நீண்ட காய் கொண்ட கண்டல் வகையையே பெரும்பாலும் ஊன்றினார்கள். மாடு மேய்ந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நடுகைநாளோடு திட்டம் முடிந்தது. பிழைத்ததை எண்ணாதவர்களுக்குத் தோல்வி தெரிய வழியே இல்லை. தெரியாத தோல்வியிலிருந்து யார் கற்பது?

அந்த எண்ணிக்கையை வெளியிட்டதற்குப் பிறகு முறை மாறத் தொடங்கியது. அதற்கும் நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. சிலாபத்துக்கு வடக்கே, 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்குள் கைவிடப்பட்ட இறால் குளங்கள் உள்ளன. அங்கே வனசீவராசிகள் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் செவ்வந்தி ஜயக்கொடி போன்ற ஆய்வாளர்களும் ஈடுபட்டுள்ள மீட்புப் பணியில், முதலில் பார்த்தது கன்றை இல்லை, நீரை. அடைபட்ட வரம்பைத் திறந்து வற்றும் பெருக்கும் உள்ளே வந்துபோக வழி விட்டால், விதை தானே மிதந்து வந்து தனக்கேற்ற உயரத்தில் ஊன்றும். தேவையான இடத்தில் மட்டும் மனிதக் கை உதவும். 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் அமைப்பு இலங்கையின் கண்டல் மீட்பை உலகின் முன்னோடி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. பாராட்டுக்கு உரியது நட்ட கை மட்டும் இல்லை. செத்த கன்றுகளை எண்ணி, அந்தக் கணக்கை மறைக்காமல் சொன்ன கையும் உரியது.

செய்யக்கூடியவை

இந்த மேடையை விட்டு இறங்குமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

சமித்திகள் அறுவடைக் கணக்கை எழுதுவதுபோல அறுவடை செய்யாத போகத்தின் கணக்கையும் எழுத வேண்டும். எப்போது குஞ்சு விட்டது, எங்கிருந்து வாங்கியது, எந்த நாளில் நோய் தெரிந்தது, அந்த வாரம் மழை பெய்ததா என்பவை ஒரு பக்கத்தில் அடங்கும். தொழிலை விட்டுப் போனவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களின் கடனைக் கேட்க வேண்டாம், கண்டதைக் கேளுங்கள்.

வங்கிகள், கலண்டருக்குக் கட்டுப்பட்ட பண்ணையாளர் நோயால் அடிபட்டால் அவருக்குத் தவணையை நீட்டித் தர முன்வர வேண்டும். நோயை உடனே அறிவித்தவரும் மறைத்து மதகைத் திறந்தவரும் ஒரே வட்டியைக் கட்டும்வரை உண்மை பேசுவது நட்டமாகவே இருக்கும்.

நன்கொடை தருகிற நிறுவனங்கள் நடுகை நாளில் வருவதோடு ஐந்தாம் வருடமும் வர வேண்டும். அன்று எண்ணிய எண்ணிக்கையையே அறிக்கையின் முதல் வரியில் போட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். நீங்கள் பரீட்சையில் தோற்றால் மனம் தளராதே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அதோடு ஒரு கேள்வியையும் தருகிறேன்: உன்னோடு தோற்றவர்கள் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் ஒருவர் தோற்றால் அவரிடம் காரணத்தைத் தேடலாம். பாதி வகுப்பு ஒரே பாடத்தில் தோற்றால், ஒவ்வொருவரும் தனித்தனியே வெட்கப்பட்டுப் பயனில்லை. சேர்ந்து உட்கார்ந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் இல்லாத பாடமா, புத்தகம் வராத பாடமா, மொழி புரியாத பாடமா? தன் குறையையும் பொதுக் குறையையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கே தோல்வி பயன்படும்.

தனி மனிதரின் விடாமுயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது இல்லாமல் எந்தக் குளமும் இல்லை. ஆனால் 1996க்கும் 1998க்கும் இடையில் நம் கரையில் விடாமுயற்சிக்குக் குறைவே இருக்கவில்லை. குறைவாக இருந்தது ஒருவர் கற்றதை மற்றவர் அறியும் வழி. அந்த வழியைச் சமித்தி என்றும், கலண்டர் என்றும், செத்த கன்றின் கணக்கென்றும் நாமே பிறகு கட்டிக்கொண்டோம். கட்டியதை ஆண்டுதோறும் கூடிப் புதுப்பிப்பது நம் கையில் இருக்கிறது. வரும் ஆண்டுக்கான கலண்டர்க் கூட்டத்துக்கு உங்கள் ஊர்ச் சமித்தியிலிருந்து யார் போகிறார், என்ன கணக்கைக் கொண்டுபோகிறார் என்று இன்றே கேளுங்கள்.